சின்ன வேலைக்கு ஆள் வரமாட்டார்

வீடு கட்ட ஆள் கிடைக்கும். பாத்ரூமை மொத்தமாக இடித்து டைல்ஸ் மாற்றவும் ஆள் கிடைக்கும். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, ஒரு வாஷர் மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். "அந்தப் பக்கம் வந்தா எட்டிப் பாக்கறனுங்க" என்பார் பிளம்பர். அவர் அந்தப் பக்கம் வருவதற்குள் குழாய்க்கு அடியில் வைத்த பக்கெட்டில் பாசி பிடித்துவிடும்.

இதில் எனக்கு அவர்மேல் கோபமில்லை. சில ரூபாய் பெறாத ஒரு ரப்பர் வாஷருக்காக அவர் பெட்ரோல் போட்டு வர வேண்டும், மொட்டை மாடி ஏறி வால்வை மூட வேண்டும், பைப்பில் இருக்கும் தண்ணீர் வடியக் காத்திருக்க வேண்டும். அதற்கு நானூறு ரூபாய் கேட்டால் நாம் முகத்தைச் சுளிப்போம். நூறு ரூபாய் வாங்கினால் அவருக்குக் கட்டாது. அதே நேரத்தில் புது வீட்டு வேலைக்குப் போனால் முழுக் கூலி. ஆகவே சின்ன வேலை என்பது யாருக்கும் கட்டுப்படியாகாத வேலை. வீட்டுக்காரர் செய்தால்தான் உண்டு.

நான் இருப்பது கோயம்புத்தூரில். பம்ப்செட், ஃபவுண்டரி, லேத் பட்டறை என்று வளர்ந்த ஊர். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கும் ஊர். கணபதி, பீளமேடு பக்கம் இரும்பு வேலை தெரிந்த ஒருவராவது இல்லாத தெரு குறைவு. அப்படியிருந்தும், படித்து ஆபீஸ் போகிற குடும்பங்களில் ஸ்பேனர் பிடிப்பது இன்னும் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகத்தான் பார்க்கப்படுகிறது. "அதுக்குன்னு ஆள் இருக்காங்கல்ல, நீ ஏன் கையை அழுக்காக்கிக்கறே?" அந்த ஆள் யார், எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்த காலம் ஒன்று உண்டு. நம் கூச்சத்தில் பாதி அந்தக் காலத்தின் மிச்சம் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். வீட்டு ரிப்பேரில் முக்கால்வாசி, என்ன கெட்டிருக்கிறது, ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பதிலேயே முடிந்துவிடுகிறது. கழற்றி மாட்டுவது மிச்சக் கால்வாசிதான். யூடியூபில் எல்லோரும் காட்டுவது அந்தக் கால்வாசியை மட்டும்.

சொட்டும் குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். குடிக்கச் சிறுவாணி, மற்றதுக்கெல்லாம் போர் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணி. சிறுவாணி வரும் குழாய் வருஷக்கணக்கில் வாயைத் திறக்காது. போர் தண்ணீர்க் குழாய்தான் ஓயாமல் படுத்தும். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, தேங்கி நின்று காய்கிற இடத்திலெல்லாம் வெள்ளையாகப் படிகிறது. குழாயின் உள்ளே வாஷர் போய் உட்காரும் வளையத்திலும் படிகிறது. சொரசொரப்பான அந்த வளையத்தில் ரப்பரை வைத்து அழுத்தினால் ரப்பர் தேயும். உடனே சொட்டும். சொட்டுகிறதே என்று நாம் இன்னும் பலமாகத் திருகுவோம். ரப்பர் இன்னும் வேகமாகத் தேயும். வீட்டில் யாருக்குக் கை பலம் அதிகமோ அவர்தான் குழாய்க்கு முதல் எதிரி.

மாற்றுவது எளிது. மேலே வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து வைத்து, மிச்சத் தண்ணீர் வடியும் வரை விட வேண்டும். குழாயின் கழுத்தில் இருக்கும் ஆறுபட்டை நட்டை ஸ்பேனரால் இடதுபக்கமாகத் திருப்ப வேண்டும். அப்போது இன்னொரு கையால் குழாயின் உடம்பை இறுகப் பிடித்துக்கொள்வது முக்கியம். பிடிக்காவிட்டால் நட்டோடு சேர்ந்து மொத்தக் குழாயும் சுற்றும். சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் எல்போ விரிசல் விட்டால், வாஷர் வேலை டைல்ஸ் உடைக்கும் வேலையாக மாறிவிடும். கைப்பிடியோடு சுற்றும் தண்டான ஸ்பிண்டிலை வெளியே எடுத்ததும் அடியில் பழைய வாஷர் இருக்கும், நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்து. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டும் முன் ஒரு நிமிஷம் குழாயின் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வளையம் வழுவழுப்பாக இருந்தால் புது வாஷர் நிற்கும். மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் வாஷர் மாற்றிப் பயனில்லை. புதுக் குழாய்தான். இப்போது வரும் கால் சுற்றுக் குழாய்களில் ரப்பர் வாஷருக்குப் பதில் செராமிக் வில்லைகள் வைத்த ஸ்பிண்டில் இருக்கும். அதில் பெரும்பாலும் ஸ்பிண்டிலையே மாற்றிவிட வேண்டியதுதான்.

புதுக் குழாய் மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவோம் அல்லவா? மரை நம்மைப் பார்த்தபடி இருக்க, கடிகார முள் போகும் திசையில் இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் குழாயைத் திருகத் திருக டேப் பிரிந்து வந்துவிடும். இந்த டேப் வருவதற்கு முன் சணலைத்தான் பெயிண்டில் தோய்த்துச் சுற்றினார்கள். பழைய ஜி.ஐ. பைப் மூட்டுகளைக் கழற்றினால் இன்றும் அந்தச் சணல் நார் வரும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. மொட்டை மாடித் தொட்டிக்குக் கீழே இருக்கும் கேட் வால்வு உங்கள் வீட்டில் மூடுகிறதா? போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உப்புத் தண்ணீர் ஊரில் வருஷக்கணக்கில் தொடாமல் விட்ட கேட் வால்வு இறுகிப்போயிருக்கும். பலம் கொடுத்தால் தலை கையோடு வந்துவிடும். அவசரத்துக்கு நள்ளிரவில் போய்த் தெரிந்துகொள்வதைவிட, ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்துகொள்வது மேல். மாற்ற வேண்டியிருந்தால் பால் வால்வாகப் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பிடி பைப்போடு ஒரே திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. பார்த்தாலே தெரியும். எங்கள் பிளம்பர் அண்ணன் ஒருநாள் சொன்னார்: "ஏனுங்ணா, நான் வரும்போது எந்த வால்வு எந்த லைன்னு தெரிஞ்சு வச்சிருந்தீங்கன்னா எனக்குப் பாதி வேலை மிச்சமுங்க." அன்றைக்கே ஒவ்வொரு வால்விலும் பெயிண்டால் எழுதி வைத்தோம்: கிச்சன், கீழ் பாத்ரூம், தோட்டம்.

டாய்லெட் ஃபிளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகும். ராத்திரி டேங்கில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு, ஃபிளஷ் பண்ணாமல் விட்டுவிடுங்கள். காலையில் கீழே கோப்பையில் நீலம் தெரிந்தால் அடி வாஷர் போயிற்று என்று அர்த்தம். மோட்டார் ஏன் அடிக்கடி போட வேண்டியிருக்கிறது என்ற கேள்விக்குப் பல வீடுகளில் பதில் அங்கேதான் இருக்கிறது.

ஷவரில் அடைத்த உப்புக்கு, கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டு வாங்கிச் சுடுதண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, ஷவர் தலை மூழ்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டால் போதும். நுரைத்துக் கரைந்துவிடும். இதற்குப் பாத்ரூம் ஆசிட்டை எடுப்பவர்கள் உண்டு. அது உப்போடு சேர்த்துக் குழாயின் பளபளப்பையும் டைல்ஸ் இடுக்குச் சிமெண்டையும் தின்றுவிடும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடுவது அதைவிட மோசம். குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

ஹார்டுவேர் கடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காலையில் ஒன்பது மணிக்குமேல் போனால் கொத்தனார்களும் பிளம்பர்களும் வேலைக்குப் போயிருப்பார்கள். கடைக்காரர் நம்மோடு பேச நேரம் வைத்திருப்பார். ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற தம்பி செல்போனை நீட்டி இந்த ஸ்பிண்டில் வேண்டும் என்றான்.

"பழசக் கொண்டாந்தீங்களா தம்பி?"

"இல்லைங்க, போட்டோ இருக்குது."

"போட்டோல பல்லு எண்ண முடியுமாங்க?"

ஸ்பிண்டில் தலையில் இருக்கும் பல்லின் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கைப்பிடி அதில்தான் உட்கார வேண்டும். பழைய சாமானைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவதைவிடச் சிறந்த வழி இன்னும் வரவில்லை. ஸ்க்ரூவானாலும் சரி, கீல் ஆனாலும் சரி.

இனி மொட்டை மாடி. இதில்தான் பணம் அதிகமாக வீணாகிறது என்பேன். ஐப்பசி மழையில் சீலிங்கில் ஈரத் திட்டு தெரிந்ததும் எல்லோரும் ஓடிப்போய் ஒரு டப்பா வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் வாங்கி வருகிறார்கள். எங்கே அடிப்பது? திட்டுக்கு நேர் மேலே. ஆனால் தண்ணீர் நேராக இறங்குவதில்லை. மேலே ஓட்டின் இடுக்கில் நுழைந்து, அடியில் இருக்கும் சுருக்கியில், அதாவது செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த பூச்சில் ஊறி, கான்கிரீட்டின் சாய்வில் நகர்ந்து, வழி கிடைத்த இடத்தில் கீழே எட்டிப் பார்க்கும். திட்டு இருக்கும் இடமும் விரிசல் இருக்கும் இடமும் பல அடி தள்ளியிருக்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது, மழை இல்லாத நாளிலும் ஈரம் இருக்கிறதா என்பது. இருந்தால் மாடியைச் சந்தேகிக்காதீர்கள். மேல்மாடி பாத்ரூமோ, சுவருக்குள் போகும் பைப்போதான். மழைக்கு மட்டும் வந்தால் மாடி. அப்புறம் மாடியிலும் எந்தப் பகுதி என்று பிரிக்க வேண்டும். மழைநீர் இறங்கும் குழாய் வாயைத் துணி வைத்து அடைத்து, ஓரிரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி ஒரு முழு நாள் விட்டுப் பார்ப்பது பழைய வழி, இன்றும் அதுதான் நல்ல வழி. மாடி பெரிதாக இருந்தால் செம்மண் வரப்புக் கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்தியாக நிரப்பலாம். நிரப்புவதற்கு முன் கைப்பிடிச் சுவர் தரையைத் தொடும் மூலையையும், குழாய் வாயைச் சுற்றிய இடத்தையும், தண்ணீர்த் தொட்டியின் கால்களையும் நன்றாகப் பாருங்கள். தரையின் நடுப்பகுதியைவிட இந்த மூட்டுகளில்தான் பெரும்பாலும் குற்றவாளி அகப்படும். இப்போது மாடித் தோட்டம் போட்டவர்கள் வீட்டில் இன்னொன்றும் உண்டு. குரோ பேக்கைத் தரையில் நேராக வைத்து, தினமும் அதே இடத்தில் தண்ணீர் வடிந்து, ஓட்டின் இடுக்கு எந்நேரமும் நனைந்தபடி கிடக்கும். நான்கு செங்கல்லை வைத்துத் தூக்கிவிட்டால் காற்றுப் புகும். தரையும் காயும்.

சுவரில் கீழ்ப்பகுதி ஈரத்துக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு சாண் அளவு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரோடு ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். தாளுக்கு உள்பக்கம், சுவரை ஒட்டி வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகிவிடும். இது தெரியாமல் உப்புப் பூத்த சுவரில் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால், அடுத்த மழைக்கு அது அப்பளம்போலப் பொரிந்து நிற்கும்.

விரிசல் எது என்று தெரிந்துவிட்டால் வேலை பெரிதில்லை. உளி வைத்து விரிசலை 'வி' வடிவத்தில் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசியைத் துடைத்தெடுத்து, பாலிமர் கலந்த சாந்து வைத்து அடைக்க வேண்டும். அது காய்ந்தபின் மேலே கோட்டிங், நடுவில் ஃபைபர் வலை, மறுபடியும் கோட்டிங். முதல் கோட் ஒரு திசையில் அடித்தால் இரண்டாவது குறுக்கே. தரை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பதால் இந்த வேலைக்குக் காலம் மாசியிலிருந்து சித்திரைக்குள். விளம்பரங்கள் என்னவோ மழைக்காலத்தில்தான் வருகின்றன. கோடையிலும் உச்சி வெயிலில் அடித்தால் பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்துவிடும். விடியற்காலையும் சாயங்காலமும்தான் சரி. பழைய நாளில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய மாடிகள் உண்டு. அந்த வேலைக்கு இன்றைக்கு ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை. டப்பாவுக்கு வந்துவிட்டோம்.

கரண்ட் வேலையில் நான் கொஞ்சம் கோழை, அப்படி இருப்பதுதான் நல்லது என்றும் நினைக்கிறேன். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் சாதாரண ஃபேனில் பெரும்பாலும் கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கும். பழையதில் 2.5 எம்.எஃப்.டி. என்று எழுதியிருந்தால் புதியதும் அதே அளவில் வாங்க வேண்டும். வேகம் வரட்டும் என்று பெரிதாக வாங்கினால் ஃபேனுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூடாகும். புது பி.எல்.டி.சி. ஃபேனில் இந்த வைத்தியம் கிடையாது, அது சர்க்யூட் போர்டு சமாச்சாரம். ஆனால் எதில் கை வைப்பதானாலும் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சில வீடுகளில் சுவிட்சை, கரண்ட் வரும் ஃபேஸ் ஒயரில் மாட்டாமல் நியூட்ரலில் மாட்டியிருப்பார்கள். அணைத்த பிறகும் ஃபேனில் கரண்ட் நிற்கும். மெயின் சுவிட்சுகள் இருக்கும் டி.பி. பெட்டியில் அந்த லைனுக்கான எம்.சி.பி. சுவிட்சை இறக்க வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினையே இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடு இருக்கும், அதையும் தனியே அணைக்க வேண்டும். அதன் பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். அந்த டெஸ்டரையும் முதலில் கரண்ட் இருக்கும் பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டி.பி. பெட்டியில், கரண்ட் கசிந்தால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இது சின்ன வேலை இல்லை, வருவார்.

கேஸ் லைன், மூன்று ஃபேஸ் மோட்டார் ஸ்டார்ட்டர் இரண்டிலும் நான் கை வைப்பதில்லை. செப்டிக் டேங்கில் யாரும் இறங்கக் கூடாது, நாமும் கூடாது, கூலிக்கு ஒருவரை இறக்கவும் கூடாது. கூலிக்கு இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மூடிக் கிடந்த தரைத்தொட்டியும் அப்படித்தான், தண்ணீர்த் தொட்டிதானே என்று குதித்துவிடக் கூடாது. உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்காது.

தோட்டத்துக்கும் அதே முக்கால்வாசிக் கணக்குதான். செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருந்தால் எல்லோருக்கும் தோன்றுவது மருந்து. கொஞ்சம் குனிந்து தண்டைப் பாருங்கள். எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகிறது. தண்டைச் சுற்றி ஒரு பட்டை டேப் ஒட்டி, அதன்மேல் கிரீஸைத் தடவி எறும்பின் வழியை அடைத்துவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சிப் பூச்சியை உதிர்த்துவிட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளித்தால் பெரும்பாலும் அடங்கும்.

கடும் விஷம் ஏன் வேண்டாம் என்பதற்கு எங்கள் ஊரிலேயே கதை இருக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகத் தென்பட்டது 2008-இல், கோவையில். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்து அடித்து அடித்து விவசாயிகள் ஓய்ந்து போனார்கள். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பெருக்கி வெளியே விட்டார்கள். அதற்கப்புறம்தான் அடங்கியது. நாம் அடிக்கும் விஷம் மாவுப்பூச்சியை அரைகுறையாகவும், இந்தக் குளவியை முழுசாகவும் கொல்லும்.

ஆவணி முடிவதற்குள் செய்து முடிக்கும் வேலை ஒன்று உண்டு. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனபோது அவசர அவசரமாகத் தோண்டிய குழிகள் பல வீடுகளில் அப்படியே இருக்கின்றன. மூடியைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. ஜல்லி, மணல், கரி எல்லாம் இலைச் சருகிலும் சேற்றிலும் உறைந்து கிடக்கும். அதில் தண்ணீர் இறங்காது, நிரம்பி வெளியே ஓடும். ஜல்லியை அள்ளி வெளியே போட்டு, ஹோஸ் பைப்பால் அலசி, மேல் மணலை மாற்றி, மறுபடி அடுக்க ஒரு காலைப் பொழுது போதும். முதுகு மட்டும் இரண்டு நாள் ஞாபகப்படுத்தும். முதல் மழைத் தண்ணீர் மாடிப் புழுதியோடு வரும், அதை மட்டும் வெளியே திருப்பிவிட்டால் வடிகட்டி ரொம்ப நாள் தாங்கும்.

இப்போதைக்கு எங்கள் வீட்டில் மிச்சம் இருப்பது கிழக்கு ஜன்னல் சன்ஷேடு. ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்து, உள்ளே கம்பி துருவேறித் தெரிகிறது. சாந்து பூசி மறைப்பது அரை மணி நேர வேலை. துரு உள்ளே ஊதிக்கொண்டே இருக்கும், பூசியதையும் சேர்த்து ஒருநாள் தள்ளிவிடும். கான்கிரீட்டை எவ்வளவு தூரம் உடைக்க வேண்டும், கம்பி இன்னும் பாரம் தாங்குமா என்பதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயமில்லை. அதனால் கீழே ஆள் நடமாடாதபடி பூந்தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு, கொத்தனாருக்குப் போன் போட்டேன். வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தார். "இதுக்கு மட்டும்னா கட்டாதுங்க. காம்பவுண்டுச் சுவரும் கொஞ்சம் பூசற வேலை இருக்குது பாருங்க, சேத்து வச்சிங்கன்னா தை பொறந்ததும் வந்தர்றன்" என்றார். காம்பவுண்டுச் சுவர் நன்றாகத்தான் இருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டேன்.